வேதாகமம் சொல்வதை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது?

கேள்வி கேட்டவர் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் மனதைத் தொடுகிறது, திங்கட்கிழமை பத்து மணிக்குள் அது எங்கே போனதென்றே தெரியவில்லை, வேதம் சொல்வதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எப்படி என்கிறார். ஏற்கெனவே பதில் சொன்னவர்கள் அதிகாலை ஜெபம், தினசரி வேதவாசிப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் வாசித்து முடித்து, ஜெபித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியபிறகு என்ன என்பதுதானே உங்கள் கேள்வி?

நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு இங்கேயும் பாண்டியிலும் வீடு கட்டிக் கொடுக்கும் சின்ன காண்ட்ராக்டர். சபை ஏ.எல்.சி., அதாவது டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அதனால் என் பதிலில் சிமெண்ட் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

லூக்கா 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் ஸ்நானகன் யோர்தான் கரையில் நின்று மனந்திரும்புங்கள் என்கிறார். கேட்டவர்கள் உங்களைப் போலவே, "அப்படியானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறார்கள். ஜனங்கள் கேட்டபோது, இரண்டு அங்கி இருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிப்பவர்கள் கேட்டபோது, குறித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்றார். போர்ச்சேவகர்களிடம், மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்யாகக் குற்றம் சாட்டாதீர்கள், உங்கள் சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். ஆளுக்கொரு பதில். யாரையும் வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை. அவனவன் எந்த இடத்தில் இன்னொருவன் காசைத் தொடுகிறானோ அந்த இடத்தையே யோவான் தொட்டார்.

எங்கள் பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு, அதாவது சபையில் முழு உறுப்பினராகும் ஆராதனைக்கு, மனப்பாடம் செய்கிற லுத்தரின் சிறிய ஞானோபதேசமும் (1529-ல் எழுதியது) இதே வேலையைச் செய்கிறது. "களவு செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளைக்கு வெறுமனே திருடாதே என்று விளக்கம் சொல்லி விட்டுவிடுவதில்லை. போலிச் சரக்கும் ஏமாற்று வியாபாரமும் களவுதான் என்கிறது. அதோடு, அடுத்தவனுடைய சொத்தும் பிழைப்பும் பெருகவும் பாதுகாக்கப்படவும் உதவவேண்டும் என்றும் சேர்க்கிறது. பன்னிரண்டு வயதில் ஒப்பித்துவிட்டு ஓடிவிட்டேன். பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, வீட்டுக்காரர் வராத நாளில் ஒன்றுக்கு எட்டு கலக்கச் சொல்லும் ஆட்களோடு தொழில் செய்ய ஆரம்பித்தபோதுதான் அது யாருக்கு எழுதியது என்று புரிந்தது.

என் தொழிலில் வேதம் மிகக் கறாராகப் பேசுகிற இடம் கூலி. லேவியராகமம் 19:13, கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது. உபாகமம் 24:15, பொழுது போகுமுன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது. யாக்கோபு 5:4-இல் பிடித்துவைத்த கூலியே வாய் திறந்து கத்துகிறது. எரேமியா 22:13 இன்னும் நேராக வீடு கட்டுகிறவனிடமே வருகிறது: அயலானிடம் சும்மா வேலை வாங்கி, கூலி கொடுக்காமல் மாளிகை கட்டுகிறவனுக்கு ஐயோ! திராட்சத்தோட்டத்து உவமையில்கூட (மத்தேயு 20) எஜமான் சாயங்காலமே கணக்கை முடிக்கிறான். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும், நாள் முழுக்க உழைத்தவனுக்குக் கொடுத்த அதே ஒரு பணமா என்று வாதாடுகிறோம். அன்றைக்கே கூலி கையில் போனதை யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு சனிக்கிழமைதான் சம்பளம். கொத்தனார், பெரியாள், சித்தாள் எல்லாருக்கும் வாரக் கணக்கு. சனிக்கிழமை மதியம் வீட்டுக்காரர் போன் செய்து, "பேங்க் லீவு, திங்கட்கிழமை போட்டுடறேன் சார்" என்பார். அவருக்கு அது இரண்டு நாள் தாமதம். சித்தாள் வேலைக்கு வரும் அக்காவுக்கோ அன்று சாயந்திரம் மளிகைக்கடைப் பாக்கி தீர்க்கவேண்டும், குழுக் கடன் தவணை கட்டவேண்டும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அரை கிலோ கறியாவது எடுக்கவேண்டும். "பரவாயில்ல சார், திங்கட்கிழமை வாங்கிக்கறேன்" என்று அவர் சொல்லிவிட்டுப் போவார். எந்தப் பெட்டிக்கடையில் போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு நான் செய்திருப்பது பெரிய ஆவிக்குரிய காரியம் ஒன்றுமில்லை. எல்லா சைட்டுக்கும் சேர்த்து ஒரு வாரக் கூலியைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பணம் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கூலி போய்விடும். அந்தத் தொகை சேரும்வரை வண்டி மாற்றவில்லை, வீட்டம்மாவிடம் நிறையப் பேச்சு வாங்கினேன். ஒப்பந்தத்திலும் பேஸ்மெண்ட், லிண்டல், கான்கிரீட் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் வரும்படி மாற்றினேன். வசனத்துக்குக் கீழ்ப்படிவதென்பது என் விஷயத்தில் ஒரு சேமிப்புக் கணக்காகவும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவும் வந்து நின்றது. மனம் உருகியிருக்கும்போது எடுக்கும் தீர்மானம் அடுத்த சனிக்கிழமை வரைக்கும்கூடத் தாங்குவதில்லை. கணக்கில் ஏற்பாடு செய்து வைத்துவிட்டால் அன்றைக்கு என் மனநிலை எப்படி இருந்தாலும் கூலி போகும்.

வசனம் நேராகச் சொல்லாத இடமும் வரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இந்தப் பக்கத்தை மூழ்கடித்தது. பல நாள் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை, அதில் அநியாயம் என்று யாரும் சொல்லமுடியாது. லேவியராகமம் 19:13 எனக்குப் பொருந்தாது. ஆனால் உபாகமம் 15-இல், ஏழைச் சகோதரனுக்கு உன் கையை மூடாதே, தேவையானதைக் கடனாகக் கொடு என்று இருக்கிறது. பாதிக் கூலியை முன்பணமாகக் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டேன். கூடத் தொழில் செய்யும் நண்பர், "காசு வாங்கிட்டு வேற சைட்டுக்குப் போயிடுவாங்கப்பா" என்றார். ஒருவர் போகவும் செய்தார். கொடுத்தால் ஆண்டவர் இரட்டிப்பாய்த் திருப்பித் தருவார் என்ற சாட்சி என்னிடம் இல்லை, அந்தப் பணம் போனது போனதுதான்.

"இதெல்லாம் பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். எங்கள் சபையிலேயே இருக்கிறார். அவருக்குப் பவுலையே காட்டுவேன். போரடிக்கிற, அதாவது களத்தில் கதிர் மிதிக்கிற, மாட்டை வாய்கட்டாதே என்று உபாகமம் 25:4-இல் ஒரு சட்டம். பவுல் அதை 1 கொரிந்தியர் 9-லும் 1 தீமோத்தேயு 5-லும் எடுத்து, உழைக்கிறவனுக்கு அவன் உழைப்பில் பங்கு உண்டு என்று ஊழியக்காரர்களுக்குப் பொருத்துகிறார். மாட்டுச் சட்டம் இரட்சிக்கும் என்று அவர் சொல்லவில்லை, மாட்டுச் சட்டம்தானே என்று தள்ளிவிடவும் இல்லை. அந்தச் சட்டம் யாரைக் காப்பாற்ற வந்தது என்று பார்த்து, அதே காரியத்தைத் தன் ஊரில் தேடினார். பழைய ஏற்பாட்டை வாசிக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றே.

அப்படி வாசித்ததில் எனக்குப் பிடித்தது உபாகமம் 22:8. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். எத்தனை போதகர்கள் இதைப் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்கள்? எங்கள் ஊரில் மொட்டைமாடி என்பது வத்தல் காயும் இடம், துணி காயும் இடம், வெள்ளம் வந்தால் குடும்பமே ஏறி நிற்கும் இடம். வீட்டுக்காரர் கையில் காசு தீர்ந்துபோகும்போது முதலில் வெட்டுவது அந்தச் சுவரைத்தான். "மேல் மாடி எடுக்கும்போது சேர்த்துக் கட்டிக்கலாம் சார்." மேல் மாடி எடுக்கப் பத்து வருஷம் ஆகும், அதற்குள் அந்த வீட்டில் ஒரு குழந்தை தவழும். டைல்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள், சுவர் இல்லாமல் சாவி தரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறனை நேசி என்ற கட்டளைக்கு எங்கள் தொழிலில் மூன்றரை அடி உயரம்.

வாக்குத்தத்த அட்டை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து ஆளுக்கொரு அட்டை எடுக்கிறோம். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, உங்கள்மேல் நான் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். அதை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து வீட்டுக்கடன் கிடைக்கும், மகனுக்கு விசா கிடைக்கும் என்று காத்திருக்கிறோம். அட்டையில் இல்லாத முந்தின வசனம், இதெல்லாம் எழுபது வருஷம் கழித்து என்கிறது. அதற்கும் முன்னால் 5 முதல் 7 வரை, பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடக்கிறவர்களிடம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணம் நன்றாயிருக்க ஜெபியுங்கள் என்று இருக்கிறது. அட்டையைக் கிழிக்கச் சொல்லவில்லை, என் வீட்டிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதிகாரம் முழுவதையும் வாசித்தால், காத்திருக்கும்போது என்ன செய்வது என்பதும் கிடைத்துவிடும். நீங்கள் கேட்ட "நடைமுறை" பெரும்பாலும் பிரபலமான வசனத்துக்குப் பக்கத்து வசனத்தில்தான் இருக்கும்.

இப்போது சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. யாக்கோபு 2-ஆம் அதிகாரம், ஆலயத்துக்குள் ஆள் பார்த்து இடம் கொடுப்பதைப் பாவம் என்றே சொல்கிறது. 1745-ல் புதுச்சேரி சம்பா கோயில் என்ற கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், அதை எடுக்கச் சொல்லி மக்கள் பாதிரியாரிடம் போய் நின்றதையும் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு எந்தக் கோயிலுக்குள்ளும் அப்படி ஒரு செங்கல் சுவரை நான் பார்த்ததில்லை. கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரத்தில் "இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற" என்ற வார்த்தைகளுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரைப் பார்க்கிறேன். அன்றாட வாழ்க்கையில் வேதம் என்று பேசுகிறவர்கள் கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். வீட்டில் பெண் வைத்திருக்கிறவன் என்ற முறையில் இது எனக்கும் சீக்கிரம் வரப்போகிற பரீட்சை.

பில் விஷயமும் உண்டு. "ஜி.எஸ்.டி. இல்லாம ஒரு ரேட் சொல்லுங்க" என்பார்கள். யாருக்கு வரி கொடுக்கவேண்டுமோ அவனுக்கு வரியைக் கொடு என்கிறது ரோமர் 13:7. அதனால் கைவிட்டுப் போன வேலைகள் இருக்கின்றன, கேட்டவர்களில் நம் சபையாரும் உண்டு. வேறு விளக்கம் இதற்குத் தேவையில்லை.

உங்கள் கேள்வியில் கம்பெனி என்றுதான் இருக்கிறது, என்ன வேலை என்று இல்லை. அதைச் சொன்னால் எந்த அதிகாரத்தில் ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவு என்றால் தானியேல் 6-இல் முதல் ஐந்து வசனங்கள். சிங்கக் குகைக்கு முன்னால் அவருடைய கணக்கில் குற்றம் தேடித் தோற்றுப்போன அதிகாரிகள் வருவார்கள். கீழே ஆட்கள் வேலை செய்கிற மேலாளர் என்றால் கொலோசெயர் 4:1. கொள்முதல் பிரிவு என்றால் நீதிமொழிகள் 20:14. வாங்குகிறவன் "நல்லதல்ல, நல்லதல்ல" என்று பேரம் பேசிவிட்டு, தெருமுனை தாண்டியதும் தான் வாங்கியதைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வானாம். பாண்டி சண்டே மார்க்கெட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.