தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்குபவர்களுக்கு உடம்பு மரபணு அளவிலேயே மாறிவிடுமா?

மாறும். ஆனால் கேள்விக்குக் கீழே, 'நான் மூச்சடக்கிப் பழகினால் என் மகனுக்கும் அது வருமா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது வராது.

நான் ரேடியாலஜி படித்துவிட்டு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருப்பவன். மண்ணீரலைப் பார்க்க வேண்டுமென்றால் வலப்பக்கம் சாய்ந்து படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்போம். விலா எலும்புகளின் நிழலுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறப் பிறை ஒன்று மெல்ல இறங்கி வரும். 12, 13 சென்டிமீட்டரைத் தாண்டினால் எனக்கு நோய் ஞாபகம்தான் வரும்: மலேரியா, டெங்கு, கல்லீரல் கோளாறு. அதனால்தான் கடலில் மூழ்கிப் பிழைக்கும் பஜாவ் மக்களுக்கு மண்ணீரல் இயல்பாகவே பெரிது என்று முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை.

பஜாவ் என்பவர்கள் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாகப் படகே வீடாக வாழ்ந்தவர்கள். மரச்சட்டம் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மீன் குத்தப் போவார்கள். 13 நிமிடம் மூச்சடக்குவார்கள் என்று இணையத்தில் சுற்றுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாதாரண மீன்பிடியில் ஒரு முழுக்கு அரை நிமிடம் போலத்தான். ஆனால் மேலே வந்து கொஞ்சம் மூச்சு வாங்கியதும் மறுபடி உள்ளே, மறுபடி உள்ளே என்று வேலை நேரத்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்கு அடியில்தான் கழிகிறது. அசர வைப்பது அதுதான்.

மண்ணீரல் இங்கேதான் வருகிறது. சிவப்பணுக்களை ஓரளவு சேமித்து வைக்கும் கிடங்கு அது. மூச்சை அடக்கி முகத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தால் யாருக்குமே நாடித்துடிப்பு குறையும், கை கால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மண்ணீரலும் சுருங்கி அந்த அணுக்களை ரத்தத்தில் பிழிந்துவிடும். கிடங்கு பெரிதென்றால் கையிருப்பும் கூடத்தானே? ஆழ மூழ்கும் வெடல் சீல் என்ற கடல் விலங்குகளுக்கும் மண்ணீரல் பெரிது.

மெலிஸ்ஸா இலார்டோ என்ற ஆய்வாளர் கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவியோடு சுலாவேசித் தீவின் ஜயா பக்தி என்ற ஊருக்குப் போய், பஜாவ் மக்களையும் பக்கத்தில் விவசாயம் செய்யும் சாலுவான் மக்களையும் ஸ்கேன் செய்தார். 2018இல் வெளியான முடிவு: பஜாவ் மக்களின் மண்ணீரல் சுமார் 50% பெரிது.

அதை விட்டுத்தள்ளுங்கள், பயிற்சியால் பெரிதாகியிருக்கலாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தண்ணீருக்குள்ளேயே இறங்காத பஜாவ் ஆட்களுக்கும் அது பெரிதாகவே இருந்தது! மரபணுவில் தேடியபோது பிடிஇ10ஏ என்ற ஜீனின் ஒரு வகை அவர்களிடம் அதிகம் இருந்தது. அந்த வகை உள்ளவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் கூடுதல், மண்ணீரலும் பெரிது. இதற்காக எந்த உடம்பும் தன் ஜீனை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வகையோடு தற்செயலாகப் பிறந்தவர்கள் கடலில் பிழைத்து அதிகம் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் பல நூறு வருடங்களாக நடந்தது.

எல்லாமே ஜீன் என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்தமான் கடலில் படகிலேயே வாழ்ந்து வந்த மோக்கன் என்ற மக்களின் குழந்தைகளுக்குத் தண்ணீருக்குள் பார்வை ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு கூர்மை. பிறவி வரம் என்றுதான் தோன்றும். ஸ்வீடன் குழந்தைகளுக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள், அவர்களுக்கும் வந்துவிட்டது.

தென்கொரியாவின் ஜெஜு தீவில் இரண்டும் கலந்திருக்கிறது. அங்கே ஹென்யோ எனப்படும் பெண்கள் சிப்பி எடுக்க மூழ்குவார்கள், முன்பெல்லாம் நிறைமாதத்தில்கூட மூழ்கியிருக்கிறார்கள். 2025இல் வந்த ஆய்வில் அவர்களின் முகத்தைக் குளிர்ந்த நீரில் வைக்கச் சொல்லி அளந்தார்கள். மூழ்கும்போது ரத்த அழுத்தம் எகிறாமல் காக்கும் ஒரு மரபணு வகை, மூழ்காத ஜெஜு பெண்களிடமும் இருந்தது. நாடி சட்டென்று இறங்குவது மட்டும் மூழ்கிப் பழகியவர்களிடம்தான் அதிகம்.

ஆக, உங்கள் மகன் தானே நீந்திப் பழகினால் இந்த நாடி விஷயம் அவனுக்கும் கொஞ்சம் கைகூடலாம். அப்புறம், மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். அதனால் ஆக்சிஜன் பெரிதாக அதிகரிக்காது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு முட்டும் உணர்வைத் தருவதே அதுதான் என்பதால், முட்டலே தெரியாமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவான்.