அடுத்தவர் பிப்பில் பெய்ஜிங் மாரத்தான் ஓடலாமா?

கேள்வி: நான் மூன்று ஃபுல் மாரத்தான் ஓடி முடித்தவன். பெய்ஜிங் மாரத்தானில் இடம் ஒதுக்கும் குலுக்கலில் என் பெயர் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமான ஒரு ஏஜென்ட், காலில் அடிபட்டு ஓட முடியாமல் போன ஒருவருடைய பிப்பை (ஓடுபவர் சட்டையில் குத்தும் எண் அட்டை) எனக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். "நாற்பது வருஷமா நடக்குற ரேஸ் சார், எல்லாரும் இப்படித்தான் ஓடுறாங்க" என்கிறார். என் மனைவிக்கு அதே நாளில் 10 கி.மீ. பிப்பும் உண்டாம். பணம் கட்டலாமா?
கோவை வாசகர்

பதில்: கட்டாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கேளுங்கள். வராது, ஆனாலும் கேளுங்கள்.

முதலில் அந்த 10 கி.மீ. விஷயம். பெய்ஜிங் மாரத்தானில் இப்போது இருப்பது 42.195 கி.மீ. மட்டும்தான். ஒரு காலத்தில் பாதித் தூரம் ஓடும் ஹாஃப் மாரத்தானும் சின்ன ஓட்டங்களும் கூடவே நடந்தன, அவற்றை எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெய்ஜிங் ஹாஃப் மாரத்தான் வசந்த காலத்தில் தனியாக நடக்கிறது, அது வேறு பந்தயம். நடக்காத ஓட்டத்துக்கே பிப் விற்கிற ஆள், நடக்கிற ஓட்டத்துக்கு உங்களுக்கு எதைக் கொடுப்பார்?

"நாற்பது வருஷமா எல்லாரும்" என்பதும் பாதிப் பொய். பெய்ஜிங் மாரத்தான் 1981இல் தொடங்கியது உண்மைதான். ஆனால் அன்று அது வேடிக்கை பார்க்கிற பந்தயம், நாம் போய் ஓடுகிற பந்தயம் இல்லை. வெளிநாட்டிலிருந்தும் உள்நாட்டிலிருந்தும் அழைக்கப்பட்ட வீரர்கள் ஓடினார்கள், அதுவும் ஆண்கள் மட்டும். முதல் வருடம் வென்றவர் ஸ்வீடன்காரர் ஷெல் எரிக் ஸ்டோல். 1986இல் ஜப்பானின் தைசுகே கொடாமா 2 மணி 7 நிமிடம் 35 விநாடியில் ஓடி வைத்த சாதனையை அந்தப் பாதையில் கால் நூற்றாண்டுக்கும் மேல் யாராலும் அசைக்க முடியவில்லை. பெண்களை 1989இல்தான் சேர்த்தார்கள். உங்களையும் என்னையும் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது 1998இல். ஏஜென்ட் சொல்லும் நாற்பதில் முதல் பதினேழு வருடம் "எல்லாரும்" என்று ஒருவரும் கிடையாது.

பிப் வியாபாரம் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் இந்த ஆளையும் புரிந்துகொள்வீர்கள். 2014 கடைசியில் சீன அரசு இப்படிப்பட்ட பந்தயங்களுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற முறையை எடுத்துவிட்டது. அவ்வளவுதான், ஊருக்கு ஊர் மாரத்தான். சீனத் தடகளச் சங்கத்தின் கணக்குப்படி 2014இல் 51 பந்தயங்கள், 2018இல் 1,581. ஆனாலும் எல்லாருக்கும் பெய்ஜிங் மாரத்தான் தொடங்கும் தியானன்மென் சதுக்கத்திலிருந்து ஓட வேண்டும் என்றுதான் ஆசை. 2024இல் 30,000 இடத்துக்கு 1,80,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். ஆறில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால் மீதி ஐந்து பேரைத் தேடித் தரகர் வரத்தானே செய்வார்?

எனக்குக் கோபம் தரகர் மேல் மட்டுமில்லை. நடத்துகிறவர்கள் பந்தயத்துக்கு ஓரிரு மாதம் முன்புதான் பதிவையே திறக்கிறார்கள். குலுக்கல் முடிவு வந்தபின் வீசா, டிக்கெட், விடுதி எல்லாம் ஓட்டமாக ஓடிச் செய்ய வேண்டும். அடிபட்டவர் தன் இடத்தை முறைப்படி இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் வழியில்லை. கள்ளச் சந்தைக்கு இவர்களே இடம் கொடுத்துவிட்டுப் பிறகு தண்டிக்கிறார்கள்.

ஆனால் தண்டனை உண்மையானது. 2018 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரில் நடந்த ஹாஃப் மாரத்தானில் 258 பேர் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் வளைந்து திரும்பும் பாதையில் நடுவிலிருந்த செடிகளுக்குள் புகுந்து எதிர்ப்பக்கம் குதித்துத் தூரத்தை மிச்சம் பிடித்தவர்கள். போக்குவரத்துக் கேமராவில் வரிசையாகப் பதிவாகியிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு வருடத் தடை. போலி பிப் மாட்டிய 18 பேருக்கும், அடுத்தவர் பிப்பில் ஓடிய 3 பேருக்கும் ஆயுள் தடை. கவனியுங்கள், குறுக்கே புகுந்தவனைவிட உங்கள் ஏஜென்ட் சொல்கிற வேலைக்குத்தான் பெரிய தண்டனை.

காரணம் இருக்கிறது. 2016 டிசம்பரில் சியாமென் நகரில் நடந்த ஹாஃப் மாரத்தானில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் ஓடியது இன்னொருவர் பிப்பில். நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு உங்கள் எண்ணைத்தான் பார்க்கும். அந்த எண்ணில் இருக்கும் பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆள், காப்பீடு எதுவும் உங்களுடையது இல்லை. கோவையில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு யார் போன் செய்வார்கள்?

பெய்ஜிங்கில் பிப் வாங்க நீங்களே பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். முகத்தைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியும் வந்துவிட்டது. "நான் வாங்கி ஹோட்டலில் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் கையில் வருவது வீட்டில் அச்சடித்த காகிதமாகத்தான் இருக்கும். வேறு பந்தயம் ஓடி முடித்ததாகப் பழைய சான்றிதழைத் "தயார்" செய்து தருகிறேன் என்பதும் இதே கூட்டம்தான்.

ஒரே ஒரு பெயர்க் குழப்பம் மட்டும் குற்றமில்லை. அதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நம் ஆட்களுக்குத்தான் வரும். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். பதிவுப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். உடனே நம் ஆள் இனிஷியலைப் போட்டுவிடுவார், இல்லை பெயரையே இரண்டாக வெட்டிவிடுவார். செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தை அப்படியே நகலெடுங்கள். காலிக் கட்டத்தைப் படிவம் ஏற்காவிட்டால், பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தோடு அமைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் தரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். பதிவுக்கும் பந்தயத்துக்கும் நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்களும் இப்படித்தான்: முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பழையது புதியது இரண்டையும் எடுத்துப் போங்கள். கவுண்டரில் போய் நின்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.

அப்புறம், பந்தயத் தேதி அறிவிப்பதற்கு முன் விமான டிக்கெட் எடுக்க வைப்பார்கள் இந்தத் தரகர்கள், அதிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். தேதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2014இல் அக்டோபரில் நடந்தது, புகைமூட்டத்தில் பலர் முகமூடியோடு ஓடினார்கள். அடுத்த வருடம் செப்டம்பருக்கு மாற்றினார்கள். 2019இல் நவம்பர். 2020, 2021இல் நடக்கவே இல்லை. 2022இல் மறுபடி நவம்பர். அடுத்த குலுக்கலில் உங்கள் பெயரிலேயே போடுங்கள். மனைவிக்கு ஹாஃப் தூரம் பழகியிருந்தால் வசந்த கால ஓட்டத்துக்கு அவர் பெயரில் தனியாகப் பதியுங்கள்.