நாயின் கண்ணுக்கு அம்மாவின் சொட்டு மருந்தை விடலாமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். எங்கள் நான்கு வயது நாய் இரண்டு நாட்களாக இடக்கண்ணைப் பாதி மூடியபடியே இருக்கிறது. நீர் வடிகிறது, முன்காலால் தேய்த்துக்கொள்கிறது. கண்புரை அறுவைக்குப் பின் அம்மாவுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மீதம் இருக்கிறது. அதை விடலாமா?

பதில்: விட வேண்டாம். அத்தகைய மருந்துகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு இருக்கும். நாயின் கருவிழிப் படலத்தில் புண் இருந்தால், ஸ்டீராய்டு அது ஆறுவதைத் தடுத்து, கிருமிக்கும் இடம் கொடுத்து, படலத்தில் ஓட்டை விழும் நிலைவரை கொண்டுபோய்விடக்கூடும். தொடக்கத்தில் சிவப்பு தணிந்து கண் தேறிவிட்டதுபோலத் தோன்றுவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

வழக்கம்போல் தின்றாலும், முனகாமல் இருந்தாலும், கண்ணைச் சுருக்கும் நாய்க்கு வலி இருக்கிறது என்றே கொள்ளுங்கள். சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, இமையை வலிந்து பிரிக்காமல், இரு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் 'பூ விழுந்திருக்கிறது' என்பார்களே, அதுபோல நீலம் கலந்த வெண்மை தெரிந்தால் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தெரியாவிட்டாலும், இரண்டு நாள் ஆகிவிட்டதால், நாளைக்கு மேல் தள்ள வேண்டாம். மருத்துவர் ஃபுளோரசீன் சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது, புண் இருக்கும் இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். நாயின் கண்ணில் உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமைக்குள் புல்விதை சிக்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். காகிதக் கீற்றை இமைக்குள் வைத்துக் கண்ணீரையும் அளப்பார். ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும்.

உங்கள் பகுதிக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். டர்பன் வட்டாரத்தில் மொசாம்பிக் துப்பும் நாகம் உண்டு. இரண்டு மீட்டருக்கு அப்பாலிருந்தும் அது நஞ்சைக் கண்ணுக்குக் குறிவைத்து உமிழும். விறகுக் குவியலைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று கண்களை இறுக மூடி முகத்தைத் தரையில் தேய்த்தால், பாம்பைத் தேடாதீர்கள். நாயை அங்கிருந்து விலக்கிக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுப் பதினைந்து முதல் இருபது நிமிடம் கண்ணைக் கழுவிய பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். பால் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் போதும், அதற்கு அடுப்படிக்குப் போய் வர வேண்டியதும் இல்லை.

பக், பெக்கினீஸ் போன்ற தட்டை முக நாய்களுக்குச் சண்டையில் விழி வெளியே பிதுங்கினால், உள்ளே தள்ளாமல் உப்புநீரில் நனைத்த துணியால் மூடி உடனே எடுத்துச் செல்லுங்கள். விழிக்குள் இரத்தம் தெரிந்து நாயும் சோர்ந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை தேவை. வயதான நாயின் இரு கண்களிலும் வலியின்றிப் படரும் மங்கல் நீலம் பெரும்பாலும் முதுமையின் குறிதான், அவசரமில்லை.

மருத்துவரைப் பார்க்கும்வரை, காலால் தேய்க்காதபடி நாயின் கழுத்தில் கூம்புப் பட்டை போட்டுவையுங்கள். போகும்போது அம்மாவின் மருந்துக் குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே ஒரு சொட்டு விட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.