2,300 பேரில் ஒருவர்கூட ஏன் உதவவில்லை?

கேள்வி: ஆறு வருடமாக ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனுவல் டெஸ்டர் (மென்பொருளை நேரடியாக இயக்கிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற) வேலை. கடைசி மூன்று வருடம் வீட்டிலிருந்தே பார்த்தேன். மார்ச்சில் புராஜெக்ட்டை மூடி எங்கள் டீம் மொத்தத்தையும் அனுப்பிவிட்டார்கள். லிங்க்ட்இன்னில் எனக்கு 2,300 கனெக்‌ஷன் இருக்கிறது. முந்நூறு பேருக்காவது ரெஃபரல் கேட்டு மெசேஜ் போட்டிருப்பேன். பதில் வந்தது நாலைந்து பேரிடமிருந்துதான். அதிலும் இரண்டு பேர் என் போட்டோவைப் பற்றிப் பேசினார்கள். நெட்வொர்க்கிங் என்பது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கும் காக்கா பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் மட்டும்தானா? ஒருவர் 15,000 ரூபாய்க்கு நெட்வொர்க்கிங் கோர்ஸ் நடத்துகிறார். சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: போட்டோவைப் பற்றிப் பேசிய அந்த இருவரையும் பிளாக் செய்யுங்கள், ரிப்போர்ட்டும் செய்யுங்கள். வேலை தேடும் நேரத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்துப் பொறுத்துப் போகாதீர்கள். அப்படிப்பட்டவரால் உங்களுக்கு ஒரு வேலையும் வரப்போவதில்லை.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். அப்பாவின் நண்பர் கம்பெனி நடத்துகிறார், அத்தை மகன் அமெரிக்காவில் மேனேஜர், படித்த கல்லூரிக்குப் பலமான பழைய மாணவர் சங்கம் என்று சிலருக்கு அறிமுகங்கள் பிறப்போடும் அட்மிஷனோடும் வந்துவிடுகின்றன. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்கள் ஒவ்வோர் அறிமுகத்தையும் தாங்களே தேட வேண்டியிருக்கிறது. இது அநியாயம்தான், மறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அந்த முந்நூறு பேர் பேசாமல் இருந்ததற்கு இது காரணமில்லை. காரணம் நீங்கள் அனுப்பிய மெசேஜ். அதன் நகலைக் கடிதத்தோடு இணைத்திருந்தீர்கள்: "ஹாய் சார், ஐ ஆம் லுக்கிங் ஃபார் ஜாப் இன் டெஸ்டிங். ப்ளீஸ் ரெஃபர் மீ. ரெஸ்யூமே அட்டாச்டு." முந்நூறு பேருக்கும் இதே வரிகள். அதில் பெண்களுக்கும் "சார்" என்றே போயிருக்கிறது.

அந்தப் பக்கம் இருப்பவர் நிலையிலிருந்து பாருங்கள். ரெஃபரல் என்றால் அவர் தன் பெயரில், தன் கம்பெனியின் உள் தளத்தில் உங்கள் ரெஸ்யூமேவை ஏற்ற வேண்டும். "இவரை எப்படித் தெரியும், எப்படி வேலை செய்வார்?" என்ற கேள்வி அவரிடம்தான் வரும். உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மெசேஜைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். அதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 2,300 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் வேலையைப் பற்றி உண்மையாக இரண்டு வரி சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவர்கள்தான் உங்கள் நெட்வொர்க். பத்துப் பேர் தேறினாலே நல்ல தொடக்கம்.

அவர்கள் நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம், "தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்த்ததாகச் சொன்னவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. மற்ற எல்லோருக்கும் எப்போதாவது, அல்லது மிக அரிதாகப் பார்க்கிற ஒருவரிடமிருந்துதான் தகவல் வந்திருந்தது. 1973-இல் வந்த கட்டுரை அது. யோசித்தால் காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் டீமையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே நாளில் வேலை இழந்தீர்கள், ஒரே வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரே விளம்பரங்களைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். புதுத் தகவல் வெளியே இருப்பவரிடமிருந்துதான் வர முடியும்.

அப்படியானால் முன்பின் தெரியாத முந்நூறு பேருக்கு எழுதியது சரிதானே என்று கேட்பீர்கள். இல்லை. 2022-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரிடம் ஐந்து ஆண்டுகளில் நடந்த சோதனைகளை வைத்துச் செய்தது. வேலை மாற அதிகம் கைகொடுத்தது உயிர் நண்பர்களும் அல்ல, துளியும் ஒட்டாதவர்களும் அல்ல. ஓரளவுக்குப் பழக்கமுள்ள, இடைப்பட்ட தூரத்தில் இருந்தவர்கள்தான்.

அந்த இடைத்தூர மனிதர்கள் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறார்கள். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இன்சூரன்ஸ் புராஜெக்ட்டில், பிப்ரவரி 29 அன்று பிறந்தவர்களுக்கு வயதும் பிரீமியமும் தப்பாக வருவதை ரிலீஸுக்கு முந்தைய நாள் நீங்கள் பிடித்தீர்கள். அன்றைக்கு டீம் லீடாக இருந்த அக்கா உங்களைப் பாராட்டினார். நான்கு வருடம் முன்பு அவர் பெங்களூருக்குப் போய்விட்டார், அதன்பின் பேச்சே இல்லை. நீங்கள் அனுப்பிய லிங்கில் உங்கள் புரொஃபைலைப் பார்த்தேன். இந்தச் சம்பவம் அங்கே இல்லை. "ரிசல்ட் ஓரியன்டட் டீம் பிளேயர்" என்று இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஆயிரம் பேர் எழுதுகிற ஒரு வரியைப் போட்டுக்கொண்டு, உங்களால் மட்டுமே எழுத முடிகிற ஒன்றை விட்டுவிட்டீர்கள். முதல் வேலையாக அதைச் சேருங்கள். கிளையன்ட் பெயர் மட்டும் வேண்டாம்.

இரண்டாவது வேலை, அந்த அக்காவுக்கு எழுதுவது. நாலு வருடம் தொடர்பில்லாமல் இருந்துவிட்டு இப்போது தேவைக்கு மட்டும் எப்படி எழுதுவது என்ற கூச்சம் வரும். பலரைத் தடுப்பது இந்தக் கூச்சம்தான். டேனியல் லெவின் உள்ளிட்ட மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வருடமாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்களைத் திரும்பத் தொடர்புகொள்ளச் சொல்லி நிர்வாகிகளிடம் கேட்டார்கள். அப்படிக் கிடைத்த ஆலோசனைகள், அன்றாடம் பழகுகிறவர்கள் சொன்னதற்குக் கொஞ்சமும் குறைந்ததாக இல்லை. பழைய நம்பிக்கை அப்படியே இருக்கிறது, ஆனால் இடைப்பட்ட வருடங்களில் அவர் வேறு இடங்களையும் வேறு மனிதர்களையும் பார்த்திருக்கிறார். இப்படி எழுதலாம் (பிளேரைட் என்பது டெஸ்டிங்கைத் தானாக ஓட்ட உதவும் ஒரு கருவி):

"அக்கா, நல்லா இருக்கீங்களா? பிப்ரவரி 29 பக் பிடிச்சப்போ ரிலீஸையே நிறுத்தி வெச்சீங்களே, அந்த டீம்ல இருந்தவ நான். மார்ச்ல எங்க புராஜெக்ட்டை மூடிட்டாங்க. இப்போ பிளேரைட் படிச்சிட்டிருக்கேன். உங்க பக்கம் மேனுவல்ல இருந்து ஆட்டோமேஷனுக்கு வர்றவங்ககிட்ட முதல்ல என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். பத்து நிமிஷம் பேச முடியுமா? முடியலைன்னாலும் பரவாயில்லை."

இதில் வேலை கேட்கவே இல்லை. பதில் சொல்வதற்கு எளிதான, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். தன் கம்பெனியில் இடம் இருந்தால் அவரே சொல்வார். பேசிய பிறகு அவர் சொன்னதில் எதைச் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வாரம் கழித்து இரண்டு வரி எழுதுங்கள். ஆலோசனை கேட்டவர்கள் பெரும்பாலும் அதோடு காணாமல் போய்விடுவார்கள். திரும்பி வந்து சொல்கிறவரை மறப்பது கஷ்டம். இன்னொன்று, இந்த மாதிரிக் கடிதத்தை ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள். "தங்கள் ஊக்கமூட்டும் பயணம்" என்று தொடங்கும் மெசேஜ்கள் இப்போது எல்லோருடைய இன்பாக்ஸிலும் குவிகின்றன. படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

சரி, பழைய அறிமுகம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? உங்கள் தொழிலில் இதற்கு அருமையான வழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் (இலவச ஆபீஸ் மென்பொருள்), ஃபயர்பாக்ஸ் (பிரவுசர்) இரண்டுமே பிழைகளைப் பதிவு செய்ய பக்சில்லா என்ற தளங்கள் வைத்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம். லிப்ரே ஆபீஸில் புதிதாக வரும் பிழைகள் "அன்கன்ஃபர்ம்ட்" என்ற நிலையில் காத்திருக்கும். யாராவது தன் கணினியிலும் அதே பிழை வருகிறதா என்று பார்த்து, எந்த வெர்ஷன், எந்தெந்தப் படிகள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று எழுதினால்தான் அது அடுத்த கட்டத்துக்கு நகரும். நீங்கள் ஆறு வருடமாகச் செய்துவந்த அதே வேலை! தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரியாத பிழைகளைத் தமிழ் படிக்கத் தெரிந்த டெஸ்டர்தான் சட்டென்று உறுதி செய்ய முடியும். வாரம் இரண்டு செய்யுங்கள். உங்கள் பெயரோடு அது பொதுவெளியில் நிற்கும், புரோகிராம் எழுதுகிறவர்கள் அங்கேயே உங்களோடு பேசுவார்கள். பேச்சும் வேலையைப் பற்றித்தான் இருக்கும், எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே நடக்கும். தனி இன்பாக்ஸில் வழிகிற ஆட்களைச் சமாளித்து அலுத்துப்போன உங்களுக்கு இது பெரிய நிம்மதி.

குழந்தையை விட்டுவிட்டுச் சென்னை வர முடியாது என்று எழுதியிருந்தீர்கள். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்திலேயே கூடுகிறது, தமிழில் பேசலாம். முதல் இரண்டு வாரம் சும்மா கேளுங்கள். மூன்றாவது வாரம் அந்த பிப்ரவரி 29 கதையைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஓர் எச்சரிக்கை. லிங்க்ட்இன் போட்டோவில் "ஓபன் டு வொர்க்" என்று பச்சை வளையம் போட்ட பிறகு டெலிகிராமுக்கு வரச் சொல்லும் "ஹெச்.ஆர்."கள் கிளம்புவார்கள். ரிஜிஸ்ட்ரேஷன், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

அந்த 15,000 ரூபாய் கோர்ஸ் வேண்டாம். நீங்கள் அனுப்பிய விளம்பரத்தை முழுதாகப் படித்தேன். "30 நாளில் 5,000 கனெக்‌ஷன்" என்பதுதான் அதன் வாக்குறுதி. உங்களிடம் ஏற்கெனவே 2,300 இருக்கிறது, அதனால் என்ன நடந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வருமானம் இல்லாத மாதத்தில் அந்தத் தொகை வீட்டுச் செலவுக்கு வேண்டும். கோர்ஸ் நடத்துகிறவருக்குப் பதில் எழுதுகிற நேரத்தில் பெங்களூர் அக்காவுக்கு எழுதிவிடுங்கள்.