பதற்றத்தில் கைத்துப்பாக்கிக்கு மேகசின் மாற்றும்போது கை ஏன் தடுமாறுகிறது?

தோட்டாக்களை அடுக்கி வைக்கும், கழற்றி மாட்டக்கூடிய பெட்டிதான் மேகசின். அது காலியானதும் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் போய் நின்றுவிடும். பட்டனை அழுத்திப் பழையதைக் கழற்றி, புதியதைச் செருகி, ஸ்லைடை முன்னே விட வேண்டும்.

உயிர்பயத்தில் அட்ரினலின் சுரக்கும். விரல் நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கும், கை நடுங்கும், பார்வை ஆபத்தின் மேலேயே நிற்கும். நுணுக்கமான விரல் வேலைதான் முதலில் கெடும்.

ஜனவரி உறைபனியில் ஊட்டியில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விறைத்த விரலுக்குச் சட்டைப் பொத்தான் வசப்படாது. அதே கை ஜெர்கின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்துவிடும். ஸ்லைடை விடுவிக்கும் சின்ன லீவர் அந்தப் பொத்தான் மாதிரி. ஸ்லைடையே மேலிருந்து முழுக்கையால் பற்றி இழுத்து விடுவது ஜிப் மாதிரி. கண நேரம் கூடுதலாகும். ஆனாலும் பயிற்சியாளர்கள் பலர் இதையே கற்றுத்தருவது சரி என்பேன்.

மேகசினைக் கழற்றும் பட்டன் இருக்குமிடமும் முக்கியம். 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற பிஸ்டலில் அது விசைக்குப் பின்னால், பெருவிரல் பக்கம் இருக்கிறது. ஜெர்மனியின் வால்தர் பி38இல் பிடியின் அடியில் இருப்பதால், கழற்ற மறுகையும் வேண்டும்.

பட்டன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அளவு மீறினால் உறையில் உரசியோ பிடி இறுகியோ தானாக அழுந்தி, மேகசின் கழன்று விழும்.