சப்ஸி பொலோ ஏன் குழைகிறது?

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறோம். நவ்ரூஸ் அன்று பக்கத்து வீட்டு ஈரானியக் குடும்பம் கீரை கலந்த சோறும் வறுத்த மீனும் கொடுத்தனுப்பினார்கள். உதிரி உதிரியாக, அவ்வளவு வாசனை. அதே கீரைகளை வாங்கி நானும் செய்து பார்த்தேன். கீரையை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, முக்கால் பதத்தில் வடித்த சோற்றோடு கிளறி, மூடி போட்டு தம் வைத்தேன். பச்சைப் பொங்கல் ஆகிவிட்டது. அடி கருகி, சோறெல்லாம் கசப்பு. எங்கே தப்பு? அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். மாமியார் வீட்டில் செய்துகாட்ட ஆசை. அங்கே இந்தக் கீரைகள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பதில்: நீங்கள் சாப்பிட்டது சப்ஸி பொலோ. மார்ச் 20, 21 வாக்கில் வரும் ஈரானியப் புத்தாண்டுக்கு மீனோடு சேர்த்து வீட்டுக்கு வீடு சமைப்பார்கள். பிரியாணிக்குத் தம் போட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டமான சமையலே இல்லை. அடி கருகியதற்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் சோறு குழைந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பாத்திரத்துக்குள் வேண்டாத ஈரம். அது மூன்று வழியாக உள்ளே போயிருக்கிறது.

முதல் வழி மிக்ஸி. கொத்தமல்லி, பார்ஸ்லி மாதிரி இலைகளை பிளேடு கொண்டு அடித்தால் சாறு வெளியே வந்துவிடும். அந்தச் சாறு சோற்றில் ஊறிப் பருக்கைகளை ஒட்டவைக்கும். வாசனையும் கொஞ்ச நேரத்தில் பறந்துபோய், ஒரு பச்சைக் கசப்பு மட்டும் தங்கும். ஈரான் வீடுகளில் இந்தக் கீரைக்காகவே அகலமான கத்தி வைத்திருப்பார்கள். கீரையை ஆய்ந்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் விரித்துப் பல மணி நேரம் உலர்த்திய பிறகுதான் கத்தியைத் தொடுவார்கள். முந்தின நாள் இரவே அலசி விரித்துவிடுவது நல்லது. அவசரம் என்றால் பருத்தித் துண்டில் சுற்றி ஒற்றி எடுங்கள். ஒரு பிடி எடுத்துக் கசக்காமல் உதறினால் இலைகள் தனித்தனியாக விழ வேண்டும். கட்டியாக விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். நறுக்கும்போதும் கத்தி கூராக இருக்க வேண்டும். நறுக்கி முடித்த பலகையில் பச்சைத் தண்ணீர் கோடாக ஓடினால் கத்தி மழுங்கல், அல்லது கீரை காயவில்லை.

அளவு: 2 கப் பாசுமதிக்கு (சுமார் 400 கிராம்), ஆய்ந்த கீரை எல்லாம் சேர்த்து 200 முதல் 250 கிராம். கொத்தமல்லி, பார்ஸ்லி, டில் எனும் சதகுப்பைக் கீரை, தரே, இந்த நான்கும் ஏறக்குறைய சமமாக. தரே என்பது பட்டையான புல் போல இருக்கும், பூண்டும் வெங்காயமும் கலந்த மெல்லிய வாசனை கொண்ட ஒரு தாள். இதற்குப் பதிலாக சைவ்ஸ் எனும் மெல்லிய வெங்காயத்தாள் வகையை நீங்கள் தேடி அலைய வேண்டியதே இல்லை. அங்கே காய்கறிக் கடைகளில் கர்ராத் என்ற பெயரில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதுவே கிட்டத்தட்ட இது. பார்ஸ்லிக்கு பக்தூனிஸ் என்று போட்டிருப்பார்கள். சுருள் இலை வேண்டாம், தட்டை இலையாகப் பார்த்து வாங்குங்கள். டில்லின் தடித்த தண்டுகளைத் தூர எறிந்துவிடுங்கள், கொத்தமல்லியின் மெல்லிய காம்புகள் இருக்கலாம். வெந்தயக்கீரை சில வீடுகளில் சேர்ப்பார்கள், ஆனால் நறுக்கியது ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் ஒரு கட்டையே போட்டிருந்தால் உங்கள் கசப்பில் பாதி அங்கிருந்து வந்தது. புதினா பக்கம் போகவே வேண்டாம். நம் கை தானாக அதை நோக்கிப் போகும், தெரியும். போட்டால் அது புதினா சாதம், நன்றாகவே இருக்கும், ஆனால் வேறு சாப்பாடு.

இரண்டாவது வழி, அரிசியின் பதம். பிரியாணிக்கு முக்கால் பதம் சரி. இதற்கு இன்னும் சற்று முன்னாலேயே வடிக்க வேண்டும், ஏனென்றால் தம்மிலேயே 45 நிமிடம் இருக்கப் போகிறது. அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து முறை கழுவி, ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கழுவுவதில் மேலோட்டமான மாவு போகும், ஊறுவதில் பருக்கை உள்வரை ஒரே சீராக வேகும். பெரிய பாத்திரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதிக்கவைத்து மூன்று மேசைக்கரண்டி உப்புப் போடுங்கள். பயப்பட வேண்டாம், பெரும்பகுதி கஞ்சியோடு வடிந்துவிடும். அரிசியைப் போட்டு, திரும்பக் கொதி வந்த நாலாவது நிமிடத்திலிருந்து பருக்கை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெளியே மிருது, நடுவில் ஊசிமுனை அளவு கெட்டி. விரலால் கிள்ளினால் உள்ளே வெள்ளைப் புள்ளி தெரியும். ஊறிய பாசுமதிக்கு இது பெரும்பாலும் ஐந்து, ஆறு நிமிடத்தில் வந்துவிடும். வந்த உடனே வடித்து, மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து, வடிதட்டிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். சொட்டு நின்றபிறகுதான் அடுத்த வேலை. செல்லா அரிசி வேண்டாம். அது குழையாது என்பது உண்மைதான், ஆனால் இந்தக் கீரை வாசனையோடு அதன் புழுங்கல் வாசனை ஒட்டுவதில்லை.

கீரையைக் கொதிக்கும் அரிசியிலேயே கடைசி அரை நிமிடத்தில் போட்டு, சேர்த்து வடிக்கிறவர்களும் உண்டு. பச்சை ஒரே சீராகப் பிடிக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை, கீரையின் வாசனையில் ஒரு பங்கு கஞ்சியோடு சிங்க்கில் போய்விடுகிறது. அடுக்கிப் போடுவதே மேல்.

இனி அடி. ஈரானியர்கள் தஹ்தீக் என்று சொல்லும் அந்தப் பொன்னிறக் காந்தலுக்காக வீட்டில் சண்டையே நடக்கும். அதில் கீரை படவே கூடாது. சூடான எண்ணெயில் கீரை நேரடியாகப் பட்டால் சோறு சிவக்கும் முன்பே அது கருகிவிடும், அந்தக் கருகல் வாசனை மேல்வரைக்கும் ஏறும். நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறிப் போட்டதில் நடந்தது இதுதான். ஒட்டாத, அடி கனமான பாத்திரத்தில் நாலு மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், கொஞ்சம் குங்குமப்பூத் தண்ணீர் விட்டு, மேலே வெறும் சோற்றை ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். முதல்முறை என்றால் சோற்றுக்குப் பதில் லவாஷ் எனும் மெல்லிய ரொட்டியோ அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டிய உருளைக்கிழங்கு வில்லைகளோ வைப்பது பத்திரம். அதற்குமேல் ஒரு அடுக்கு சோறு, ஒரு அடுக்கு கீரை என்று கோபுரமாகக் குவித்துக்கொண்டே வாருங்கள், அழுத்த வேண்டாம். பசும்பூண்டு தாளோடு கிடைத்தால் முழுசாக நடுவில் செருகுங்கள். கரண்டிக் காம்பால் மேலிருந்து அடிவரை ஐந்தாறு துளை போடுங்கள். அடியில் கிளம்பும் ஆவி மேலே வர வழி வேண்டுமே.

குங்குமப்பூவை அப்படியே தூவினால் பாதி வீண். ஒரு சிட்டிகையைச் சிறு உரலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பொடித்து, மூன்று மேசைக்கரண்டி சுடுதண்ணீரில் கால் மணி நேரம் மூடிவையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஷார்ஜா கடைகளில் கிடைக்கும் ஈரான் குங்குமப்பூவில் பெரும்பகுதி கொராசான் பக்கத்தில் விளைவது, நல்ல சரக்கு. ஆகையால் ஒரு சிட்டிகையே போதும்.

மூன்றாவது வழி மூடி. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மூடியில் படியும் ஆவி சொட்டுச் சொட்டாகத் திரும்பச் சோற்றில் விழுந்தால் மேல்சோறு களியாகும். ஈரான் வீடுகளில் மூடிக்குத் துணியுறையே தைத்து வைத்திருப்பார்கள். நமக்கு ஒரு கனமான பருத்தித் துண்டு போதும். மூடியைச் சுற்றி, நாலு முனையையும் மேல்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். முனை தொங்கி அடுப்பில் பட்டால் தீப்பிடிக்கும், கவனம்.

முதலில் துணி இல்லாமல் மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம். விரலைத் தண்ணீரில் நனைத்துப் பாத்திரத்தின் பக்கத்தில் லேசாகத் தொட்டு எடுங்கள். ‘சொய்ங்’ என்று சத்தம் வந்து ஈரம் உடனே காய்ந்தால் உள்ளே ஆவி கட்டிவிட்டது. அப்போது இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயைக் கால் கப் சுடுதண்ணீரில் கலந்து மேலே பரவலாக விட்டு, துணி சுற்றிய மூடியைப் போட்டு, தீயை மிகவும் குறைத்துவிடுங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஒரு பழைய தோசைக்கல். 40 முதல் 45 நிமிடம், நடுவில் திறக்க வேண்டாம். கேஸ் அடுப்பில் தீ ஒரு பக்கமாக எரியும் என்றால் கால் மணிக்கு ஒருமுறை பாத்திரத்தைச் சற்றுத் திருப்பிவையுங்கள். ஈரான் கடைகளில் தஹ்தீக் பிடிக்கவென்றே ரைஸ் குக்கர் விற்கும், திருகினால் காந்தலின் நிறத்தைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம். அடிக்கடி செய்வதாக இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் இடத்தைத்தான் அடைக்கும். பிரஷர் குக்கரில் மட்டும் முயல வேண்டாம்.

வெந்ததும் பாத்திரத்தின் அடியை சிங்க்கில் ஒரு விரல் ஆழக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு நிமிடம் வையுங்கள். அடி சுருங்கிக் காந்தல் தானாக விட்டுக்கொடுக்கும். மேல்சோற்றைத் தட்டையான கரண்டியால் அள்ளித் தட்டில் தூவி, ஒரு பிடியை மிச்சக் குங்குமப்பூத் தண்ணீரில் பிரட்டி மேலே போட்டு, காந்தலைத் துண்டு துண்டாக உடைத்துப் பக்கத்தில் வையுங்கள். கீரை கொத்தமல்லிச் சட்னி நிறத்தில் பளிச்சென்று இருக்காது, ஆலிவ் பச்சைக்கு இறங்கியிருக்கும். முக்கால் மணி நேரம் சூட்டில் இருந்த எந்தக் கீரைக்கும் இது நடக்கும், அது குறை இல்லை. எலுமிச்சையை மட்டும் சமைக்கும்போது விடாதீர்கள். புளிப்பு பட்டால் பச்சை இன்னும் சீக்கிரம் மங்கும். ஈரானில் கடைசியில் தட்டில்தான் நாரஞ்சு, அதாவது கசப்பு ஆரஞ்சைப் பிழிந்துகொள்வார்கள்.

மீன் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். வடக்கே காஸ்பியன் கடலோரத்தில் மாஹி செஃபீத் என்ற வெள்ளை மீன்தான் நவ்ரூஸுக்கு. புகைபோட்ட மீனும் உண்டு. ஆனால் தெற்கே புஷேர், பந்தர் அப்பாஸ் பக்கம் அவர்கள் சாப்பிடுவது வளைகுடா மீன்: வஞ்சிரம், வாவல், ஹமூர். எல்லாம் உங்கள் மீன் மார்க்கெட்டில் இருப்பவை. உப்பு, மஞ்சள், மிளகு, குங்குமப்பூத் தண்ணீர் தடவி, மைதா மெல்லப் பிரட்டி எண்ணெயில் பொரித்தால் போதும். மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் அன்றைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும், அவை வந்தால் சோற்றில் கீரை வாசனை தெரியாது.

ஊரில் செய்வதற்கு: கொத்தமல்லிக்குப் பஞ்சமில்லை, அதன் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். தரேவுக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பொடியாக நறுக்கி, ஒரு பல் பூண்டு தட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளைப் பகுதி வேண்டாம், அது நீர் விடும். பார்ஸ்லி பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், பெரிய நஷ்டமில்லை. டில்லை மட்டும் விட முடியாது. அது இல்லாத சப்ஸி பொலோ மல்லி சாதம்தான். பெங்களூரிலும் ஓசூர் பக்கத்திலும் சப்சிகே என்று கேட்டால் கட்டாகக் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் தேடிப் பார்க்க வேண்டும். அதனால் கிளம்பும்முன் ஷார்ஜாவில் ஒரு ஈரானியக் கடையில் சப்ஸி பொலோவுக்கென்றே கலந்து உலர்த்திய கீரைப் பாக்கெட் ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கீரையின் அளவில் நாலில் ஒரு பங்கு போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு அடுக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி பச்சைக் கொத்தமல்லியும் கூடச் சேர்த்தால் பாக்கெட் வாசனை மறைந்துவிடும்.