வருமானமே இல்லாத அமெரிக்க எல்எல்சிக்கும் படிவம் போட வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை செய்கிறேன். 2024 ஆகஸ்டில் ஒரு ஏஜென்ட் மூலம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் என் ஒருவன் பெயரில் எல்எல்சி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி, தொடங்கினேன். பதிவுச் செலவை என் கார்டில் கட்டினேன். அங்கே திறந்த வங்கிக் கணக்கில் 500 டாலர் போட்டேன். அந்த வருஷம் வாடிக்கையாளர் யாரும் கிடைக்கவில்லை. வருமானம் இல்லையென்றால் எதுவும் தாக்கல் செய்ய வேண்டாம் என்றார் ஏஜென்ட். நண்பர் ஒருவரோ 25,000 டாலர் அபராதம் வரும் என்கிறார். மனைவியையும் பங்குதாரராகச் சேர்த்துவிட்டால் தொல்லையில்லை என்று ஏஜென்ட் இப்போது சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. ஏஜென்ட் சொன்னதை மறந்துவிடுங்கள்.

உங்களைப் போல வெளிநாட்டில் இருக்கும் ஒரே ஆளுக்குச் சொந்தமான எல்எல்சி, உரிமையாளரோடு கொடுக்கல் வாங்கல் நடந்த ஒவ்வொரு வருடத்துக்கும், 2017 முதல், 5472 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். 1120 என்ற கம்பெனி வரிப் படிவத்தில் பெயர், முகவரி போன்ற சில விவரங்களை மட்டும் நிரப்பி, அதற்குப் பின்னால் 5472-ஐ இணைக்க வேண்டும். வரி எதுவும் கட்ட வேண்டியதில்லை. கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையில் பணம் போனதா வந்ததா என்பதை ஐஆர்எஸ்ஸுக்கு, அதாவது அமெரிக்க வரித் துறைக்கு, தெரிவிக்கும் தகவல் படிவம் இது.

ஏஜென்ட் தவறு செய்வது இங்கேதான். அவர் வருமானத்தைப் பார்க்கிறார், படிவம் கேட்பதோ கொடுக்கல் வாங்கலை. நீங்கள் வங்கியில் போட்ட 500 டாலர் ஒரு கொடுக்கல் வாங்கல். கம்பெனிக்காக உங்கள் கார்டில் கட்டிய பதிவுச் செலவும் அப்படியே. ஆகவே ஒரு டாலர்கூட சம்பாதிக்காத 2024-க்கும் நீங்கள் படிவம் போட்டிருக்க வேண்டும். கெடு 2025 ஏப்ரல் 15. கெடுவை நீட்டிக்கக் கேட்கும் 7004 படிவம் கொடுத்திருந்தால் ஆறு மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

போடாவிட்டால் அபராதம் வருடத்துக்கு 25,000 டாலர். முன்பு 10,000-ஆக இருந்ததை 2018 முதல் உயர்த்திவிட்டார்கள். ஐஆர்எஸ் நோட்டீஸ் அனுப்பி 90 நாள் கழிந்தும் கொடுக்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு 30 நாளுக்கும் இன்னொரு 25,000 சேரும். வரிப் பாக்கி ஒரு பைசாகூட இல்லாத ஆளிடம் ஒரு காகிதத்துக்காக இவ்வளவு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. போதாததற்கு இந்தப் படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்யவும் வழியில்லை. யூட்டாவில் உள்ள ஆக்டன் அலுவலகத்துக்குத் தபாலிலோ ஃபேக்ஸிலோதான் அனுப்ப வேண்டும். இந்தக் காலத்தில் ஈரோட்டில் ஃபேக்ஸுக்கு எங்கே போவது? இணைய ஃபேக்ஸ் சேவைகள் இருக்கின்றன. அனுப்பியதற்கான உறுதித்தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள், பின்னால் கேள்வி வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மனைவியைச் சேர்க்கும் யோசனைக்கு வருகிறேன். நிறையப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உரிமையாளர்கள் இரண்டு பேர் ஆனதும் எல்எல்சி கூட்டு நிறுவனமாகிவிடும். அப்போது 5472-க்குப் பதில் கூட்டு நிறுவனங்களுக்கான 1065 படிவம், கெடுவும் மார்ச் 15-க்கு முன்னேறிவிடும். கூட்டு நிறுவனத்துக்கு ஒரு விலக்கு உண்டு என்பது உண்மை. அந்த வருஷம் வருமானமும் இல்லை, கழிவாகக் காட்டக்கூடிய செலவும் இல்லை என்றால் 1065 போட வேண்டாம். ஏஜென்ட் இதைத்தான் பாதி கேட்டுவிட்டு உங்களிடம் சொல்கிறார். ஆனால் வயோமிங்கில் உங்கள் பெயரில் முகவரி வைத்திருக்கும் பதிவு முகவருக்கு வருடாவருடம் பணம் கட்டுகிறீர்கள் அல்லவா? அது செலவுதானே? வங்கிக் கட்டணம் பிடித்தாலும் செலவுதானே? இயங்கும் கம்பெனியில் இந்த விலக்கு நிற்பது அபூர்வம். தாமதமானால் ஒவ்வொரு பங்குதாரருக்கும் மாதக் கணக்கில் அபராதம் ஏறும். அப்புறம், இன்றைக்கு மனைவியைச் சேர்ப்பதால் நீங்கள் தனியாக இருந்த 2024-க்கான கடமை தீராது. இந்த யோசனையே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது, நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களாகவே படிவத்தை அனுப்புவது. தாமதத்துக்கான காரணத்தை உண்மையாக எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் கூடவே இணையுங்கள். ஏஜென்ட் என்ன சொன்னார், எப்போது சொன்னார், விஷயம் உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். அபராதம் கட்டாயம் தள்ளுபடியாகும் என்று நான் உறுதி தர மாட்டேன், உறுதி தருகிறவரையும் நம்பாதீர்கள். ஆனால் பேசாமல் இருப்பது இதைவிட மோசம். படிவம் போகாத வருஷத்துக்குக் காலக்கெடுவே ஓடத் தொடங்காது, எத்தனை வருஷம் கழித்தும் கேட்கலாம்.

படிவத்துக்கு இஐஎன், அதாவது கம்பெனிக்கான வரி அடையாள எண், வேண்டும். அதை ஐஆர்எஸ் இலவசமாகத்தான் தருகிறது. அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் அதற்கான விண்ணப்பமான எஸ்எஸ்-4 படிவத்தை ஃபேக்ஸில் அனுப்பலாம், தொலைபேசியிலும் கேட்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறவர்கள் உங்கள் அவசரத்துக்கு விலை வைக்கிறார்கள். உண்மையான உரிமையாளர் விவர அறிக்கைக்கு, அதாவது பிஓஐ-க்கு, பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தாலும் கட்டாதீர்கள். அமெரிக்காவில் பதிவான கம்பெனிகளுக்கு 2025 மார்ச்சிலேயே அதிலிருந்து விலக்கு கொடுத்தாகிவிட்டது. வாடிக்கையாளரோ பணம் செலுத்தும் தளமோ வரிப் படிவம் கேட்டால் நீங்கள் வெளிநாட்டவர் என்று தெரிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தை உங்கள் சொந்தப் பெயரில் கொடுங்கள். எல்எல்சி பெயரில் டபிள்யூ-9 கொடுக்கச் சொல்லும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அது அமெரிக்கர்களுக்கான படிவம், நீங்கள் கையெழுத்திடவே கூடாது.

வாடிக்கையாளர் வந்த பிறகும், வேலை முழுவதையும் ஈரோட்டில் இருந்தே செய்து, அமெரிக்காவில் அலுவலகமோ ஆளோ இல்லையென்றால், அந்தச் சம்பாத்தியத்துக்கு அமெரிக்க வருமான வரி பொதுவாக இல்லை. இந்தியாவில் உண்டு. பணத்தை அங்கேயே விட்டுவைத்தால் இங்கே வரி இல்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. எல்எல்சியையும் அந்த வங்கிக் கணக்கையும் உங்கள் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும், அதாவது ஐடிஆர்-1 செல்லாது. காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது; ஆனால் 2024 அக்டோபர் முதல், வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை. சொந்தக் கம்பெனியில் போட்ட 500 டாலர் வெளிநாட்டு முதலீடு என்பதால் ரிசர்வ் வங்கி விதிகளும் வரும். உங்கள் வங்கிக் கிளையில் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்கும் கிளைக்குப் போய், வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் படிவம் எஃப்சி பற்றியும், டிசம்பர் 31-க்குள் தர வேண்டிய வருடாந்தர அறிக்கை பற்றியும் கேளுங்கள்.